கழுவாத கூண்டு

வண்டியூர், மதுரை
3 ஜூலை 2024, புதன்

அன்புள்ள தமிழ்ச்செல்விக்கு,

நீ வீட்டை விட்டுச் சென்று இன்றோடு ஒன்பது நாள்கள் ஆகின்றன. கைபேசியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டுச் சென்றதால், கடிதம் எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை. உன் அண்ணன் சோலையின் எண்ணுக்கு இரண்டு முறை அழைத்தேன். இரண்டு முறையும், "பேச மாட்டேங்குது மாப்ள, நான் என்ன செய்யட்டும்?" என்று சொல்லி வைத்துவிட்டார். மூன்றாம் முறை அழைப்பது முறையாகாது.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். ஜூன் 23, ஞாயிறு அன்று நீ திருவிழாவுக்காகச் சோழவந்தானில் இருந்தாய். காலை பதினொரு மணிக்கு வனத்துறைக்குத் தகவல் தந்தேன். பிற்பகலில் இருவர் வந்து, துணி போர்த்திய பெட்டியில் பறவையை எடுத்துச் சென்றார்கள். ஒப்புகைச் சீட்டு என்னிடம் இருக்கிறது. பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது குற்றம் என்பதை மூன்று ஆண்டுகளாக உன்னிடம் சொல்லி வந்திருக்கிறேன். கடைக்காரரின் தராசில் பத்து கிராம் குறைந்தால் வழக்குப் பதிவு செய்கிற முத்திரை ஆய்வாளன், தன் வீட்டுக் கூடத்திலேயே ஒரு குற்றத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு எந்த முகத்தோடு வேலைக்குப் போவது?

ஒன்றை மட்டும் நீ கவனமாக மனத்தில் வைக்க வேண்டும். மூன்று ஆண்டுகள் வளர்த்ததாக எழுதினால் உன்மீது வழக்கு வரும். ஆகவே கூண்டைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, அன்று காலை தெப்பக்குளப் படிக்கட்டில் கிடந்த கிளியைக் கண்டெடுத்ததாக எழுதிக் கொடுத்தேன். இருபத்தாறு ஆண்டுப் பணியில் நான் எழுத்தில் தந்த ஒரே பொய் அது. யார் கேட்டாலும், நம் வீட்டில் பறவை எதுவும் இருந்ததில்லை என்றே நீயும் சொல்ல வேண்டும்.

காலை எட்டு நாற்பதுக்கு நான் புறப்படும்போது, "ஏங்க, குடை எடுத்தீங்களா?" என்று நீ கேட்பாய். நீ கேட்டு முடிப்பதற்குள் கூண்டிலிருந்தும் உன் குரலிலேயே அது ஒரு முறை கேட்கும். இப்போது இரண்டும் இல்லை. இந்த வாரம் ஒரு நாள் வெயிலில் வாடினேன். ஒரு நாள் நனைந்தேன்.

இப்படிக்கு,
ராஜபாண்டி


சோழவந்தான்
8 ஜூலை

திரு. ராஜபாண்டி, முத்திரை ஆய்வாளர் அவர்களுக்கு,

உங்கள் அறிக்கை கிடைத்தது. கடிதம் என்று நினைத்துப் பிரித்துவிட்டேன்.

அதற்குப் பெயர் 'பறவை' இல்லை. பவளம். மூன்று வருஷத்தில் ஒரு நாளாவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறீர்களா? நம் சூர்யபிரகாஷ் வேலைக்கென்று கோயம்புத்தூர் போன அதே வாரம் வந்தது அது. அண்ணனின் வெற்றிலைக் கொடிக்கால் ஓரத்தில் பட்டுப்போன தென்னை காற்றில் சாய்ந்தபோது பொந்தோடு கீழே விழுந்த குஞ்சு. கண்கூடத் திறக்கவில்லை. ஊறவைத்த கடலையை மென்று என் உதட்டில் வைத்துத்தான் ஊட்டினேன். வளர்ந்த பிறகும் தட்டில் வைத்தால் அது தின்னாது. என் உதட்டிலிருந்துதான் கொத்தும். நீங்கள் "எச்சில், எச்சில்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள்.

பரணில் ஒளித்துவைத்த கூண்டை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர், "என்னக்கா, கிளி கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சா?" என்று கேட்டார். "கிளி போகலப்பா, அதைப் பிடிச்சுக் குடுத்துட்டாக. நாந்தான் கோவிச்சுக்கிட்டுப் போறேன்" என்றேன். பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தேனூர் தாண்டியதும் முடியவில்லை.

கூண்டு இப்போது என் தலைமாட்டில் இருக்கிறது. கழுவவில்லை. அதில் நாலைந்து இறகு கிடக்கிறது, பாதி தின்ற மிளகாய் கிடக்கிறது, அடித்தட்டில் எச்சம் காய்ந்து பொடியாகிக் கிடக்கிறது. அன்னக்கொடி மதினி தினமும் சொல்கிறார்: "கழுவியாச்சும் வையி தாயி, காத்தாடியைப் போட்டா அம்புட்டும் மூஞ்சியில பறக்குது." பறக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. மறுநாள் காலையில் நான் வருவதாகத்தானே இருந்தது? ஒரு நாள் பொறுத்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். அதற்கு ஒரு முத்தம் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

நானாகக் கூப்பிடும்வரை இந்த வீட்டு வாசலை நீங்கள் மிதிக்கக் கூடாது.

பிரஷர் மாத்திரை தீர்ந்திருக்கும். புது அட்டை அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.

தமிழ்ச்செல்வி


வண்டியூர்
12 ஜூலை, வெள்ளி

அன்புள்ள தமிழ்ச்செல்விக்கு,

மாத்திரை, நீ சொன்ன இடத்தில் இருந்தது. வாசலை மிதிக்கக் கூடாது என்ற உன் உத்தரவையும் பெற்றுக்கொண்டேன். அதற்குக் கட்டுப்படுவேன்.

ஒரு நாள் ஏன் பொறுக்கவில்லை என்று கேட்டிருக்கிறாய். முதல் கடிதத்தில் அதை நான் எழுதாமல் விட்டது உண்மை. நீ திருவிழாவுக்குப் புறப்பட்ட மறுநாளிலிருந்தே அது நன்றாக இல்லை. உடம்பை உப்பிக்கொண்டு ஒரே மூலையில் உட்கார்ந்திருந்தது. ஒரு கண் வீங்கி நீர் வடிந்தது. எச்சம் நீர்த்துப் பச்சையாகப் போனது. நீ இல்லாததால் ஏங்குகிறது என்றே முதலில் நினைத்தேன். ஞாயிறு காலை அது தலையைத் தூக்கவில்லை. கால்நடை மருத்துவர்கள் இருவரிடம் தொலைபேசியில் கேட்டேன். இருவரும், "வளர்க்கக் கூடாத கிளி சார், நாங்க தொட முடியாது, வனத்துறையில குடுத்தீங்கன்னா அவங்களே வைத்தியம் பாப்பாங்க" என்று சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் தகவல் தந்தேன்.

இதை முதலிலேயே எழுதியிருந்தால் நீ என்னை மன்னித்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த எண்ணைச் சுழற்றியபோது என் மனத்தில் முந்தி நின்றது அதன் நோயா, மூன்று ஆண்டுகளாக உறுத்திக்கொண்டிருந்த சட்டமா என்று இன்றுவரை எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. தெரியாத ஒன்றை எனக்குச் சாதகமாகக் காட்டி உன்னிடம் மன்னிப்பு வாங்குவது சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

அது இப்போது கீழக்குயில்குடிப் பக்கத்தில் உள்ள ஒரு பராமரிப்பு மையத்தில் இருக்கிறதாம். வரும் 17ஆம் தேதி, மொகரம் விடுமுறையன்று, நேரில் சென்று நலம் விசாரிக்க அனுமதி கேட்டிருக்கிறேன். விவரத்தை உடனே எழுதுகிறேன்.

ராஜபாண்டி


சோழவந்தான்
15 ஜூலை

ஏங்க,

அதற்கு உடம்பு சரியில்லை என்ற ஒரு வரியை மறைத்துவைத்துவிட்டு, சட்டத்தை மட்டும் எழுதி அனுப்பினீர்களே. உங்களை என்ன சொல்லித் திட்டுவது என்று யோசித்தேன். யோசிக்கக்கூட இப்போது தெம்பில்லை.

வியாழக்கிழமை முதல் எனக்குக் காய்ச்சல். தலைவலி இதுவரை கண்டதில்லை. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. வறட்டு இருமல். மதினி என் நெற்றியைத் தொட்டுவிட்டு, "அடி ஆத்தி, இம்புட்டுச் சூட்டை வச்சுக்கிட்டா கம்முன்னு கிடந்த?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். சனிக்கிழமை இங்கே கடைத்தெருவில் உள்ள டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு ஏதேதோ கேட்டார். கடைசியாக, "வீட்டுல கோழி, புறா, கிளின்னு எதுவும் வளக்குறீங்களாம்மா?" என்று கேட்டார்.

மதினி வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன். "எங்க வீட்டுல பறவை எதுவும் இருந்ததில்லைங்க" என்று, நீங்கள் எழுதிய சொல் மாறாமல் சொன்னேன். எழுத்தில் கொடுத்தது பொய் என்று தெரிந்தால் உங்கள் வேலைக்கு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாதா?

அவர் கொடுத்த மாத்திரை மூன்று நாளாக ஒன்றும் கேட்கவில்லை. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பயப்படாதீர்கள். பவளத்தைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்பும்.

தமிழ்


சோழவந்தான், உன் அண்ணன் வீட்டு வாசலுக்கு வெளியே
18 ஜூலை, வியாழன், மாலை 4.10

அன்புள்ள தமிழ்,

உன் கடிதம் இன்று நண்பகல் வந்தது. விடுப்பு விண்ணப்பம் எழுதாமலே கிளம்பி வந்துவிட்டேன். வாசலை நான் மிதிக்கவில்லை. தெருவில், வேப்பமரத்தடியில், என் இருசக்கர வண்டியின் இருக்கையில் தாளை வைத்து இதை எழுதுகிறேன். அன்னக்கொடி அக்கா, "என்ன தம்பி இது கூத்து, உள்ள வாங்க" என்கிறார். அவரிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன். தயவுசெய்து முழுவதும் படி.

நேற்று மையத்துக்குப் போனேன். பவளத்தைக் கவனிக்கும் மருத்துவர் பவதாரிணி என்ற பெண். பவளத்துக்கு வந்திருப்பது கிளமிடியா என்னும் கிருமியின் நோய் என்று பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. சில பறவைகள் அதை வெளியே காட்டாமல் நெடுநாள் உடம்பில் வைத்திருக்குமாம். இளைத்து ஏங்கும் நேரத்தில் அது வெளிப்படுமாம். காய்ந்த எச்சத்தின் தூசியிலும் இறகின் பொடியிலும் அந்தக் கிருமி பல வாரங்கள் உயிரோடு இருக்கும். அதை மூச்சில் இழுத்தாலோ அலகோடு வாய் வைத்தாலோ மனிதர்களுக்கும் வரும். காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, வறட்டு இருமல், பிறகு நுரையீரலில் சளிக் காய்ச்சல். நீ எழுதியவை அனைத்தும், ஒன்று விடாமல்.

மருத்துவர் என்னிடம், "உங்க வீட்டுல யாராவது இதோட பழகினாங்களா சார்? யாருக்காவது காய்ச்சல் இருக்கா?" என்று கேட்டார். "அன்று காலைதான் கண்டெடுத்தேன், யாரும் பழகவில்லை" என்றேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது பொய். சொல்லிவிட்டு வெளியே வந்ததும் உன் தலைமாட்டில் இருக்கும் கூண்டு நினைவுக்கு வந்தது. நேற்று மாலை உன் அண்ணனை மூன்றாம் முறை அழைத்தேன். பிறகு ஒன்பது முறை அழைத்தேன். அவர் கொடிக்காலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாராம். இன்று காலை நேரில் வருவதா, உன் சொல்லை மீறுவதா என்று அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த அரை நாளுக்காக என்னை நான் மன்னிக்கப்போவதில்லை.

உனக்குத் தந்த மாத்திரை இந்தக் கிருமியைத் தொடாது. இதற்கு வேறு மருந்து இருக்கிறது. சொன்னால் போதும், தருவார்கள். மருத்துவரிடம் சொல்ல வேண்டிய ஒரு வரியை நான்தான் உன்னைச் சொல்லவிடாமல் செய்தேன். அந்த வரியை இன்று நானே சொல்கிறேன். என் வேலை எப்படியும் போகட்டும். மதுரைக்குப் போகலாம், வா.

கூப்பிடு. காத்திருக்கிறேன்.

ராஜபாண்டி


(அதே தாளின் பின்பக்கம், பென்சிலில்)

ஏங்க

மிதிக்கலாம். சீக்கிரம். மூச்சு வாங்குது. கூண்டுகிட்ட வராதீங்க.


மதுரை, மருத்துவமனைத் தரைத்தளம்
23 ஜூலை, செவ்வாய்

அன்புள்ள தமிழ்,

பெண்கள் பிரிவில் ஆண்களுக்கு மாலை நான்கு முதல் ஐந்து வரை மட்டுமே அனுமதி. இப்போது மணி பதினொன்று. செவிலியரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பேசினால் உனக்கு இருமல் வரும், படித்தால் வராது.

இன்று காலை காய்ச்சல் அட்டையில் கோடு இறங்கியிருக்கிறது. புது மருந்து தொடங்கி ஐந்தாம் நாள். உயிர்வாயுக் குழாயை நாளை எடுத்துவிடலாம் என்கிறார் உன் மருத்துவர். நான் உண்மையைச் சொன்ன அன்று அவர் கோபப்படவில்லை. "இதை மொதல்லயே சொல்லியிருந்தா நாலு நாள் மிச்சமாயிருக்கும் சார்" என்று மட்டும் சொன்னார். கோபப்பட்டிருக்கலாம்.

வெள்ளியன்று வனத்துறைக்கு மறுவாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். பவளம் மூன்று ஆண்டுகள் எங்கள் வீட்டில் இருந்தது, வளர்த்தவன் நான் என்று எழுதினேன். இது மூன்றாவது பொய் ஆகாதா என்று நீ கேட்பாய். வீட்டுத் தலைவன் என்ற முறையில் பொறுப்பு என்னுடையதே என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். என் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்திருக்கிறது. பிறர் எழுதும் விளக்கங்களையே இத்தனை ஆண்டுகளாகப் படித்துவந்தேன். இப்போது எழுதும் முறை.

கூண்டின் விவரம். முகக்கவசமும் கையுறையும் அணிந்து, முதலில் ஈரமாக்கி, பிறகு வெளுப்புத்தூள் கரைசலில் ஊறவைத்துக் கழுவினேன். உலர்ந்த துடைப்பத்தால் கூட்டக் கூடாது, தூசி கிளம்பும். அன்னக்கொடி அக்காவுக்கும் உன் அண்ணனுக்கும் இதுவரை ஒன்றும் இல்லை, இருவரையும் பரிசோதித்துவிட்டார்கள். எச்சத்தையும் இறகுகளையும் எரித்துவிட வேண்டும் என்றார்கள். எரித்தேன். ஒரே ஒரு வால் இறகை மட்டும், பவதாரிணி அம்மாவிடம் கேட்டு, அதே கரைசலில் நனைத்து, மூன்று நாள் வெயிலில் உலர்த்தி, உறையில் இட்டு வைத்திருக்கிறேன். விதியில் இதற்கு இடம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

நான்கு மணிக்கு வருகிறேன்.

ராஜபாண்டி


சோழவந்தான்
12 ஆகஸ்ட்

ஏங்க,

மதினி கறிவேப்பிலைத் துவையலும் நாட்டுக்கோழிச் சாறுமாகக் கொடுத்து என்னை ஊதவைத்துக்கொண்டிருக்கிறார். நேற்றுக் கொடிக்கால்வரை நடந்தேன். வரும்போது இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. போன வாரம் நான்கு இடம்.

ஒரு சேதி. அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய் நானும் வனத்துறையில் எழுதிக் கொடுத்துவிட்டேன். கிளியை எடுத்தது நான், வளர்த்தது நான், என் வீட்டுக்காரர் முதல் நாளிலிருந்து வேண்டாமென்று சொன்னவர் என்று. அந்த அதிகாரி உங்கள் தாளையும் என் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஏம்மா, குத்தத்தை ஒருத்தர் மேல ஒருத்தர் தள்ளித்தான் நான் பாத்திருக்கேன். ஒரு கிளிக்கு ரெண்டு பேரு போட்டி போட்டுக்கிட்டு வாரீகளே" என்றார். அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

மருத்துவமனையில் தினமும் நான்கு மணிக்கு ஒரு நிமிஷம் முந்தாமல் வந்து நின்றீர்கள். ஐந்துக்கு மணியடித்ததும் எழுந்து போனீர்கள். பக்கத்துப் படுக்கையில் இருந்த இருளாயி அம்மாள், "உம் புருசன் என்ன ஆத்தா, பள்ளிக்கொடத்துப் பிள்ளை மாதிரி" என்று கேட்டது. ஆனால் நீங்கள் கீழே ராத்திரி முழுக்க அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை நர்ஸ் சொல்லிவிட்டது.

உங்கள்மீது கோபம் போய்விட்டதா என்றால், முக்கால்வாசி. கால்வாசி பாக்கி எதற்கென்றால், என்னைப் பற்றிய ஒன்றை என்னைக் கேட்காமல் இனியும் முடிவு செய்வீர்களோ என்ற பயத்துக்கு. அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். வாக்குமூலம் மாதிரி வேண்டாம்.

பவளத்தைப் பார்க்க வேண்டும். கூட்டிப்போவீர்களா?

தமிழ்


வண்டியூர்
9 செப்டம்பர், திங்கள்

அன்புள்ள தமிழ்,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம், முழுச் செய்தி கைக்கு வரட்டும் என்று காத்திருந்ததே. இன்று வந்தது.

பவளம் பிழைத்துவிட்டது. நாற்பத்தைந்து நாள் மருந்தும் முடிந்து, பரிசோதனையில் கிருமி இல்லை. இப்போது பெரிய வலைக்கூடத்தில் மற்றக் கிளிகளோடு விட்டிருக்கிறார்கள். முதலில் ஒதுங்கியே இருந்ததாம். இப்போது தட்டிலிருந்து தானாகத் தின்கிறது.

நான் கம்பிக்கு வெளியே, தூரத்தில் நின்று பார்த்தேன். பவதாரிணி அம்மா சிரித்துக்கொண்டே, "காலையில காவலர் யாரு வந்தாலும் 'ஏங்க, குடை எடுத்தீங்களா'ன்னு கேக்குது சார். அந்த 'ஏங்க' யாருன்னு எங்க எல்லாருக்கும் ஒரே சந்தேகம்" என்றார். நான்தான் என்று சொன்னேன். ஐம்பது வயதில், அரசு ஊழியர்கள் நான்கு பேர் முன்னிலையில், கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இனி எழுதப்போவது கடினமானது. முன்பானால் நானே முடிவு செய்து, ஒப்புகைச் சீட்டோடு உனக்குத் தெரிவித்திருப்பேன். அது கூட்டத்தோடு பழகிப் பறக்கக் கற்றால், மழைக்காலம் முடிந்ததும் மலையடிவாரத்தில் விட்டுவிடலாமாம். அதற்கு அது நம் குரலை மறக்க வேண்டும். வளர்த்தவர்கள் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மறுபடியும் கம்பியை ஒட்டி வந்து உட்கார்ந்துவிடும் என்கிறார்கள். ஆனாலும் உனக்கு ஒரு முறை மட்டும் பார்க்க அனுமதி தருகிறார்கள். போகலாமா, வேண்டாமா என்பதை நீ சொல். நீ போகலாம் என்றால் கூட்டிச் செல்கிறேன். வேண்டாம் என்றால் இருவரும் போகாமல் இருப்போம். இதில் என் கருத்தை நான் எழுதவில்லை. நீ கேட்டால் சொல்வேன்.

வனத்துறையில் இருவரையும் எச்சரித்து முடித்துக்கொண்டார்கள். என் அலுவலகத்தில் பொய் வாக்குமூலத்துக்காகப் பதவி உயர்வை ஓராண்டு தள்ளிவைத்திருக்கிறார்கள். சரியான தண்டனை. நானாக இருந்தால் இரண்டாண்டு தள்ளியிருப்பேன்.

வீட்டில் கூடத்துக் கொக்கி வெறுமையாக இருக்கிறது. அதை நான் பிடுங்கவில்லை. வேறு எதையும் மாட்டவும் இல்லை. உன்னைக் கேட்க வேண்டும்.

ராஜபாண்டி


சோழவந்தான்
13 செப்டம்பர், வெள்ளி

ஏங்க,

உங்கள் கடிதத்தை மதினிக்கு வாசித்துக் காட்டினேன். "நாலு பேரு முன்னாடி அழுதாகளா? உன் வீட்டுக்காரரா?" என்று மூன்று முறை கேட்டார். அண்ணனிடமும் போய்ச் சொல்லியாகிவிட்டது. இனி ஊருக்கே தெரியும்.

இரண்டு நாள் யோசித்தேன். உங்கள் கருத்தைக் கேட்கவில்லை, எனக்கே தெரியும். நான் போகவில்லை. நான் போனால் பெயர் சொல்லாமல் வரமாட்டேன். பெயர் சொன்னால் அது திரும்பிப் பார்க்கும். பிறகு யார் அதைப் பறக்கச் சொல்வது? தட்டிலிருந்து தானாகத் தின்கிறது என்று எழுதினீர்களே, அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை.

கூண்டை மதினி கேட்டார். வெற்றிலைக் கட்டுகளைக் கவிழ்த்து மூடி வைக்க ஆகுமாம். கொடுத்துவிட்டேன். அந்த இறகை மட்டும் எனக்கு வைத்திருங்கள். கொக்கியில் என்ன மாட்டுவது என்பதை வந்து பார்த்துச் சொல்கிறேன்.

நேற்று இரண்டு தெரு நடந்தேன். எங்கேயும் உட்காரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போங்கள். விடுமுறைதான், விண்ணப்பம் தேவையில்லை. வாசலில் நிற்காமல் உள்ளே வாருங்கள், நான் கூப்பிட்டாகிவிட்டது.

இங்கே சாயங்காலமானால் மழை பிடிக்கிறது. குடை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

தமிழ்